இசைத்தட்டில் ஒரு பெயர்: சில்வியா றொபின்சன் அம்மையாரின் வாழ்வும் தொழிலும்

ராப் எனப்படும் பேச்சுப்பாட்டை இன்று கேளாதவர் இல்லை. 1994ஆம் ஆண்டில் வெளிவந்த ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ எமது ஊர்களிலும் ஒலித்தது. லண்டனில் பிறந்து சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த மாயா அருள்பிரகாசம் அதே இசைவழியில் உலகப்புகழ் பெற்றார். ரொறன்ரோவிலும் சிட்னியிலும் ஒஸ்லோவிலும் வாழும் எமது சகோதரிகளின் வீடுகளில் பிள்ளைகளின் அறைகளிலிருந்து நாள்தோறும் கேட்பதும் அதுவே. அது என்ன சத்தம் என்று நாம் கடிந்துகொண்டதும் உண்டு.

நியூயோர்க் நகரின் தெருக்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் இரவுக் கொண்டாட்டங்களிலும் மட்டுமே கேட்ட அந்தப் பாட்டை இசைத்தட்டில் ஏற்றி, வானொலிக்குக் கொண்டுசென்று, உலகறியச் செய்தவர் ஒரு பெண். 1979ஆம் ஆண்டில் அதனைச் செய்தபோது அவருக்கு வயது 44. மூன்று ஆண் பிள்ளைகளின் தாய். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே றொக் அன்ட் றோல் பாடகியாகப் புகழ்பெற்று, பின்னர் இசைத்தட்டுக் கம்பனி நடத்தியவர். அவர் பெயர் சில்வியா றொபின்சன்.

எமது பாடசாலையின் நூற்றாண்டு மலரில் இவருக்கு ஏன் இடம் என்று சகோதரிகள் கேட்கலாம். இவரும் ஒரு பெண்கள் பாடசாலையில் படித்து இடையில் விலகியவர் என்பது ஒரு காரணம். மற்றைய காரணம் இதனிலும் முக்கியமானது. ஒருவர் செய்த வேலையின் மீது அவருடைய பெயர் எழுதப்படுகிறதா இல்லையா என்பதே இவருடைய வாழ்க்கை முழுவதும் கேள்வியாக நின்றது. தம் பெயர் எழுதப்படாமற் போன துயரையும் இவர் கண்டார். மற்றவர் பெயரை எழுதாமல் விட்ட பழிக்கும் ஆளானார். இரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

ஹார்லத்துச் சிறுமி

சில்வியா வாண்டர்பூல் 1935ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் திகதி நியூயோர்க்கில் பிறந்தார். வளர்ந்தது கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஹார்லம் பகுதியில். ஜாஸ் இசையும் தேவாலயப் பாடல்களும் ஒரே தெருவில் கேட்ட இடம் அது. மன்ஹாட்டனில் இருந்த வாஷிங்டன் ஏர்விங் உயர்தரப் பாடசாலையில் அவர் சேர்ந்தார். அக்காலத்தில் அது பெண்களுக்கு மட்டுமான பாடசாலை.

அங்கு படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அவருடைய குரல் வெளியாரின் காதில் விழுந்தது. 1950ஆம் ஆண்டளவில், பதினான்கு பதினைந்து வயதில், கொலம்பியா கம்பனிக்காகப் பாடத் தொடங்கினார். தட்டில் இடப்பட்ட பெயர் ‘லிட்டில் சில்வியா’, அதாவது சின்னச் சில்வியா. ஹொட் லிப்ஸ் பேஜ் என்ற புகழ்பெற்ற ட்ரம்பெற் கலைஞருடன் அவர் பாடிய தட்டு அக்காலத்தது. பாடசாலைப் படிப்பு அத்துடன் நின்றுபோயிற்று. அதன்பின் வேறு கம்பனிகளுக்கும் பாடினார்; எதுவும் பெரிதாக விற்கவில்லை. சின்ன வயதிற் பாடிப் பெயரெடுத்து, பதினெட்டு வயதுக்குள் மறக்கப்படும் பிள்ளைகள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சில்வியாவும் அவர்களுள் ஒருவராகப் போயிருக்கக் கூடும்.

போகாமல் தடுத்தது ஒரு கிற்றார். 1950களின் நடுப்பகுதியில் மிக்கி பேக்கர் என்ற கிற்றார்க் கலைஞரிடம் அவர் வாத்தியம் கற்கச் சென்றார். பேக்கர் கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் நகரைச் சேர்ந்தவர், சில்வியாவிலும் பத்து வயது மூத்தவர். நியூயோர்க்கின் ஒலிப்பதிவுக் கூடங்களில் மற்றவர்களுடைய பாட்டுகளுக்கு நாட்கூலிக்கு வாசிப்பவர். கிற்றார் கற்பிக்கும் அவருடைய நூல் இன்றும் மாணவர்களிடையே புழங்குகிறது. அந்நாளில் லெஸ் போல், மேரி ஃபோர்ட் என்ற கணவன் மனைவி சோடியாக கிற்றார் வாசித்துப் பாடிப் பெரும்பணம் ஈட்டிக்கொண்டிருந்தனர். அதைப் பார்த்த பேக்கர் தம் மாணவியையும் சேர்த்துக்கொண்டு ‘மிக்கி அன்ட் சில்வியா’ என்ற சோடியைத் தொடங்கினார். மின்கிற்றாரைக் கையிலேந்தி மேடையில் வாசிக்கும் பெண் அந்நாளில் அரிதான காட்சி.

தட்டின் நடுவிலுள்ள வட்டக் கடதாசி

இவர்கள் 1956ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பதிவுசெய்த ‘லவ் இஸ் ஸ்ரேஞ்ச்’ என்ற பாட்டு 1957இன் தொடக்கத்தில் அமெரிக்காவெங்கும் பரவியது. கறுப்பின மக்களின் இசைக்கான பட்டியலில் முதலிடமும், பொதுப் பட்டியலில் பதினோராம் இடமும் பெற்றது. எமது மூத்த சகோதரிகள் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் மேல்நாட்டுப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த காலமும் அதுவே. இளையவர்கள் அப்பாட்டை 1987இல் வெளிவந்த ‘டேர்ட்டி டான்சிங்’ படத்தில் கேட்டிருப்பார்கள்.

பாட்டு யாருடையது என்பதில் முதலிலிருந்தே சிக்கல். அதன் கிற்றார் இசை ஜோடி வில்லியம்ஸ் என்ற இளைஞரின் கைவண்ணம். போ டிட்லி என்ற பெரிய றொக் அன்ட் றோல் கலைஞர் அதைப் பாட்டாக்கியபோது, தம் பதிப்பாளருடன் இருந்த பிணக்கினால் தம் பெயரை எழுதாமல் மனைவியின் பெயரான எதல் சிமித் என்பதைப் பதிந்தார். சொற்களில் தம் பங்கும் உண்டு என்பது சில்வியாவின் நிலைப்பாடு. உரிமை குறித்த பிணக்கு நீதிமன்றம் வரை போயிற்று.

இதனை ஏன் விரித்துச் சொல்கிறோம் என்றால், இவருடைய வாழ்வைப் புரிந்துகொள்ள இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் கடதாசியைப் புரிந்துகொள்ள வேண்டும். பாடியவர் பெயர் அதில் பெரிய எழுத்தில் இருக்கும். பாட்டின் தலைப்புக்குக் கீழே, மிகச் சிறிய எழுத்தில், எழுதியவரின் பெயர் இருக்கும். பார்ப்போர் கண்ணுக்குப் பெரிய எழுத்தே படும். காசு போவதோ சின்ன எழுத்துக்கு. 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் பாட்டொன்றுக்கு 2 சதம் எழுதியவர் பக்கம் செல்ல வேண்டும்; 1978 வரை அத்தொகை மாறவில்லை. அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பும்போது எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் கட்டணம் செலுத்துகின்றன. பாடியவருக்கு ஒன்றுமில்லை. பாடியவருக்குக் கம்பனி ஒப்பந்தப்படி ஒரு பங்கு தரவேண்டும் என்றாலும், ஒலிப்பதிவுச் செலவு, விளம்பரச் செலவு எல்லாம் கழித்த பின் மிஞ்சுவது பெரும்பாலும் கைதட்டல்தான். சின்ன எழுத்தில் யார் பெயர் வருகிறது என்பதே முதுமையில் யார் வீட்டில் அடுப்பெரியும் என்பதைத் தீர்மானித்தது.

இருபத்திரண்டு வயதுக்குள் சில்வியா இதனைக் கற்றுக்கொண்டார். கற்றபின்னும் ஒருமுறை அடிபட்டார். 1961இல் ஐக் ரேர்னர், ரீனா ரேர்னர் தம்பதியரின் ‘இட்ஸ் கோனா வேர்க் அவுட் ஃபைன்’ என்ற பாட்டு பெரும் வெற்றி பெற்று, அவர்களுக்கு முதலாவது கிராமி விருது நியமனத்தைத் தேடித் தந்தது. அதில் கேட்கும் கிற்றார் சில்வியாவுடையது. இடையிடையே பேசும் ஆண்குரல் மிக்கி பேக்கருடையது. பாட்டை ரீனாவுக்குச் சொல்லிக்கொடுத்து, பதிவையும் நெறிப்படுத்தியவர் தாமே என்று சில்வியா பிற்காலத்தில் சொல்லிவந்தார். தட்டில் தயாரிப்பாளராக அவர் பெயர் இல்லை. பெண்ணொருத்தி ஒலிப்பதிவை நெறிப்படுத்தினாள் என்று எழுதும் வழக்கம் அன்று இல்லை.

நியூ ஜேர்சியில் ஒரு கம்பனி

1959இல் ஜோ றொபின்சன் என்பவரைச் சில்வியா மணந்தார். ஜோ வியாபாரி, பின்னர் பிறோங்ஸ் பகுதியில் ‘புளூ மொறோக்கோ’ என்ற இரவு விடுதியை நடத்தியவர். ஜோயி, லீலண்ட், றொண்டோ என்று மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். மிக்கி பேக்கர் 1960களில் பிரான்சுக்குக் குடிபெயர்ந்து அங்கேயே தங்கிவிட்டார். சோடி முடிந்தது. குடும்பப் பெண்ணாக ஒதுங்கிவிட அதுவே தகுந்த சாட்டாக இருந்திருக்கும்.

1966இல் குடும்பம் ஹட்சன் ஆற்றுக்கு அப்பால் நியூ ஜேர்சி மாநிலத்தின் எங்கிள்வூட் என்ற சிறுநகருக்கு மாறியது. அங்கு கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தையும் ‘ஓல் பிளாட்டினம்’ என்ற இசைத்தட்டுக் கம்பனியையும் அமைத்தனர். கணக்கும் வியாபாரமும் ஜோவின் பொறுப்பு. யாரைப் பாடவைப்பது, என்ன பாட்டு, எப்படிப் பதிவது என்பவை சில்வியாவின் பொறுப்பு. பிறர் கம்பனியில் வாசலில் நின்றவர் இப்போது சொந்தக் கம்பனியில் உள்ளே அமர்ந்தார்.

சிறு கம்பனி ஒன்று பிழைப்பது எளிதன்று. பாட்டைப் பதிந்தால் மட்டும் போதாது. தட்டை அச்சிட முற்பணம் வேண்டும். நகரத்துக்கு நகரம் விநியோகஸ்தர் வேண்டும். அவர்கள் எடுத்த சரக்குக்கு உடனே காசு தரமாட்டார்கள். அடுத்த வெற்றித் தட்டைக் காட்டினால்தான் முந்தியதற்குக் காசு வரும். வானொலி அறிவிப்பாளர் பாட்டை வைக்காவிட்டால் கடைக்காரர் தட்டைத் தொடமாட்டார். இந்த உலகில் பாடகியாக நுழைந்து முதலாளியாக நிலைத்த பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

சில்வியா நிலைத்தார். 1970இல் ‘த மோமண்ட்ஸ்’ என்ற குழுவுக்காக அவர் பேர்ட் கீஸ் என்பவருடன் சேர்ந்து எழுதிய ‘லவ் ஒன் எ டூ வே ஸ்றீற்’ பொதுப் பட்டியலில் மூன்றாம் இடத்தை எட்டியது. எழுதியவர் பெயரில் சில்வியா என்று இருந்தது. நாற்பதாண்டுகள் கழித்து, 2009இல், ஜே-சீயும் அலீசியா கீஸும் நியூயோர்க்கைப் புகழ்ந்து பாடிய பாட்டில் அந்தப் பழைய இசையை எடுத்தாண்டபோது, புதுப்பாட்டின் ஆசிரியர் பட்டியலிலும் சில்வியாவின் பெயர் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவில் முதலிடம் பெற்ற பாட்டு அது. சின்ன எழுத்தின் வலிமை இதுதான்.

1973இல் அவர் மீண்டும் பாடகியானார். ‘பில்லோ ரோக்’ என்ற பாட்டை எழுதி அல் கிறீன் என்ற பாடகருக்குக் கொடுத்தார். தம் சமய நம்பிக்கைக்கு ஒவ்வாதென்று அவர் மறுத்தார். அது இல்லறக் கட்டிலின் கொஞ்சுமொழி. பாடசாலை மலரில் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. சில்வியா அதைத் தாமே பாடி வெளியிட்டார். கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம், பொதுப் பட்டியலில் மூன்றாமிடம், கிராமி நியமனம் என்று எல்லாம் 38 வயதில் வந்து சேர்ந்தன. டிஸ்கோ இசைக்கு அது முன்னோடி என்று எழுதுவோரும் உளர்.

தம் தலைமுறையை அவர் மறக்கவில்லை. 1950களில் புகழ்பெற்று, பின்னர் பாட்டைக் கிட்டத்தட்டக் கைவிட்டிருந்த ஷேர்லி குட்மன் என்ற பாடகியை அழைத்து ‘ஷேம் ஷேம் ஷேம்’ என்ற பாட்டைக் கொடுத்தார். 1975இல் அது ஐரோப்பாவிலும் பெரும் வெற்றி பெற்றது. அதே ஆண்டில் ஓல் பிளாட்டினம் கம்பனி, சிக்காகோவின் புகழ்பெற்ற செஸ் கம்பனியின் பழைய ஒலிப்பதிவுகளை விலைக்கு வாங்கியது. போ டிட்லியின் பாட்டைப் பாடிப் பேரெடுத்த பெண், போ டிட்லியின் பழைய பதிவுகளுக்கே சொந்தக்காரி ஆனார்.

ஆனால் வாங்கிய சுமையும் கடனும் கூடின. டிஸ்கோ அலையில் பெரிய கம்பனிகள் சந்தையைப் பிடித்தன. 1979 அளவில் ஓல் பிளாட்டினம் மூழ்கும் நிலைக்கு வந்துவிட்டது.

சுகர் ஹில்

அந்த ஆண்டுக் கோடையில் ஹார்லத்திலிருந்த ‘ஹார்லம் வேர்ல்ட்’ என்ற விடுதியில் ஒரு குடும்பக் கொண்டாட்டத்துக்குச் சில்வியா சென்றிருந்தார். அங்கு லவ்பக் ஸ்ராஸ்கி என்பவர் தட்டுகளைச் சுழலவிட்டபடி, இசைக்கு மேலே தாளத்தோடு பேசிக்கொண்டிருந்தார். கூட்டம் அவர் சொல்வதற்கெல்லாம் திரும்பக் குரல் கொடுத்தது. நியூயோர்க்கின் கறுப்பின, லத்தீன் இன இளைஞர்களிடையே இது ஐந்தாறு ஆண்டுகளாகவே நடந்துவந்த விடயம். அதை நடத்தியவர்களே தட்டில் ஏற்றலாம் என்று பெரிதாக நினைக்கவில்லை. கூட்டத்தோடு பிறந்து கூட்டத்தோடு கலையும் ஒன்றை யார் காசு கொடுத்து வாங்குவார் என்றே எண்ணியிருந்தார்கள். வேறொரு குழு அதே ஆண்டில் முயன்ற தட்டும் பெரிதாக எடுபடவில்லை. முப்பது ஆண்டு பாட்டுத்தொழிலில் இருந்த சில்வியாவின் காதுக்கு அது விற்கும் என்று பட்டது. அந்த எண்ணம் இறையருளால் வந்தது என்று அவர் நம்பினார்.

மூத்த மகன் ஜோயியின் உதவியுடன் ஆள் தேடினார். எங்கிள்வூட்டில் ஒரு பீற்சாக் கடையில் வேலைசெய்தபடியே பாடிக்கொண்டிருந்த ஹென்றி ஜாக்சனைக் கண்டார்கள். அவரைக் கடைவாசலில் நிறுத்திவைத்த காருக்குள் பாடவைத்துக் கேட்டார்கள். மைக்கல் ரைற், கை ஓபிரையன் என்ற இருவரும் அப்போதே வந்து தாமும் பாடிக் காட்டினர். ஒருவரைத் தெரிவுசெய்வதற்குப் பதிலாக மூவரையுமே சேர்த்தார் சில்வியா. ஹார்லத்தில் வசதி படைத்த கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதியின் பெயரால் குழுவுக்கு ‘சுகர் ஹில் காங்’ என்றும், புதுக் கம்பனிக்கு ‘சுகர் ஹில்’ என்றும் பெயரிட்டார். முதற் பணம் தந்தவர் மொறிஸ் லெவி. தாம் எழுதாத பாட்டுகளிலே தம் பெயரைப் போட்டுக்கொள்வதற்குப் பேர்போன வியாபாரி அவர்.

‘ராப்பர்ஸ் டிலைற்’ என்ற அந்தத் தட்டு 1979 செப்ரெம்பரில் வெளிவந்தது. நீளம் ஏறக்குறைய 15 நிமிடம். மூன்று நிமிடப் பாட்டுக்கே இடம் தரும் வானொலிக்கு இது தகாது என்றார்கள். நிலையமொன்று துணிந்து வைத்தது. கேட்டவர்கள் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்லித் தொலைபேசியில் அழைத்தார்கள். பெட்டி பெட்டியாகத் தட்டு போயிற்று. பொதுப் பட்டியலில் முதல் நாற்பதுக்குள் நுழைந்த முதலாவது ராப் பாட்டு அதுவே. பிரித்தானியாவில் மூன்றாம் இடத்துக்கு ஏறியது. மூழ்கிய குடும்பம் கரையேறியது.

எழுதப்படாத பெயர்கள்

இனிச் சொல்வது இன்பமான பகுதி அன்று. பாட்டுக்குப் பின்னணியாக வாசிக்கப்பட்டது ‘ஷீக்’ என்ற குழுவின் ‘குட் ரைம்ஸ்’ பாட்டின் இசை. கேட்டு வாங்கியதன்று. அதனை ஆக்கிய நைல் றொட்ஜர்ஸும் பேர்னாட் எட்வேட்ஸும் வழக்குப் போடுவதாக எச்சரித்த பின்னரே அவர்கள் பெயர் ஆசிரியர்களாக எழுதப்பட்டது.

அவர்களுக்குச் சட்டத்தரணிகள் இருந்தார்கள். கேர்ட்டிஸ் பிறவுண் என்ற பிறோங்ஸ் இளைஞருக்கு இருக்கவில்லை. கிராண்ட்மாஸ்டர் காஸ் என்று மேடையில் அறியப்பட்ட அவர் ராப்பில் கைதேர்ந்தவர். அவருடைய நிகழ்ச்சிகளைக் கவனித்துவந்தவர்தான் பீற்சாக் கடை ஹென்றி. ஹென்றி காஸின் கொப்பியை இரவல் வாங்கி, அதிலிருந்த வரிகளையே தட்டில் பாடினார். அதிலே காஸ் தம் பழைய மேடைப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அதையும் மாற்றாமலே ஹென்றி பாடிவிட்டார். ஆகவே எழுதியவரின் பெயர் உலகெங்கும் ஒலித்தது. தட்டின் வட்டக் கடதாசியில் மட்டும் இல்லை. காஸ் ஆசிரியராகச் சேர்க்கப்படவுமில்லை.

சுகர் ஹில்லில் நல்லவையும் நடந்தன. தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் நிகழ்ச்சி நடந்தபோது, மேடைக்குப் பின்னால் வந்து பாடிக் காட்டிய மூன்று இளம் பெண்களைச் சில்வியா கேட்ட மாத்திரத்தில் ஏற்றுக்கொண்டார். ‘த சீக்குவென்ஸ்’ என்ற அவர்களுடைய தட்டு 1979 முடிவதற்குள் வெளிவந்தது. பெண்களே சேர்ந்து செய்த முதலாவது ராப் தட்டுகளுள் அது ஒன்று. அவர்களில் ஒருவர் பின்னாளில் அஞ்சி ஸ்ரோன் என்ற பெயரில் புகழ்பெற்றார்.

1982இல் வந்தது ‘த மெசேஜ்’. கம்பனியின் வாத்தியக்காரரான எட் பிளெச்சர் எழுதிக் கொண்டுவந்த பாட்டு அது. உடைந்த கண்ணாடியும் எலியும் கரப்பானும் வேலையின்மையுமாக, நியூயோர்க்கின் வறிய குடியிருப்புகளின் வாழ்வைச் சொல்வது. கிராண்ட்மாஸ்டர் பிளாஷும் அவருடைய குழுவினரும் இதைக் கேட்டு யார் ஆடுவார் என்று மறுத்தனர். சில்வியா விடவில்லை. மெலி மெல் ஒருவர்தான் குழுவிலிருந்து இணங்கினார். பிளெச்சரும் அவரும் பாடினார்கள். களியாட்டமாகவே இருந்த ராப், நாட்டு நடப்பைப் பேசும் கலையாக மாறியது அந்தத் தட்டினால்தான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலை 2002இல் முதன்முதலாக வகுத்தபோது, அதில் இடம்பெற்ற ஒரே ராப் பாட்டு இதுவே. ‘ராப்பர்ஸ் டிலைற்’ 2011ஆம் ஆண்டுக்கான பட்டியலில் சேர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தட்டில் கிராண்ட்மாஸ்டர் பிளாஷின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது; அவர் அதில் வாசிக்கவே இல்லை. சின்ன எழுத்திலே பிளெச்சர், மெலி மெல் ஆகியோருடன் சில்வியாவின் பெயரும் இருந்தது. 1983இல் பிளாஷ், கம்பனி தமக்குரிய பங்கைத் தரவில்லை என்றும், தம் பெயரைத் தாம் உபயோகிக்கும் உரிமை வேண்டும் என்றும் வழக்குத் தொடுத்து வெளியேறினார். வேறு பல கலைஞரும் அதே குறையைச் சொன்னார்கள். 1986இல் சுகர் ஹில் மூடப்பட்டது.

பாடகியாக இருந்தபோது தமக்கு நேர்ந்ததையே முதலாளியானபின் மற்றவர்க்கு இவர் செய்தார் என்பது கடினமான சொல்தான். ஆயினும் அதனை மறைத்து எழுதினால் இவருடைய வாழ்வைச் சொன்னதாகாது. அத்தொழிலில் அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான் என்பர் சிலர். மூழ்கும் கம்பனியை மீட்ட தாயின் பதற்றம் என்பர் சிலர். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் காஸின் கொப்பிக்கு அவை ஈடாகா. அதேவேளை, சில்வியா அன்று துணிந்திராவிட்டால் காஸின் வரிகள் பிறோங்ஸின் ஒரு திடலிலேயே கரைந்திருக்கும் என்பதும் உண்மை.

இறுதிக் காலம்

கணவருடனான மணவாழ்வு 1980களின் இறுதியில் முறிந்தது. ஜோ 2000ஆம் ஆண்டில் காலமானார். அதே ஆண்டில் றிதம் அன்ட் புளூஸ் நிறுவனம் சில்வியாவுக்கு முன்னோடி விருது வழங்கியது. 2002இல் எங்கிள்வூட்டிலிருந்த ஒலிப்பதிவுக் கூடம் தீப்பற்றி எரிந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சேர்த்த மூல ஒலிநாடாக்கள் பல அதிலே அழிந்தன. எழுதிவைத்த பெயர்கள் மட்டும் எரியவில்லை.

2011ஆம் ஆண்டு செப்ரெம்பர் 29ஆம் திகதி, 76 வயதில், நியூ ஜேர்சியில் இதய நோயினால் சில்வியா காலமானார். 2022இல் றொக் அன்ட் றோல் புகழ்மண்டபம், இசைத்தொழிலில் பெருந்தொண்டு செய்தோருக்குரிய அமெட் எர்டெகுன் விருதை அவருக்கு அளித்துத் தன் பட்டியலில் சேர்த்தது. கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் குழுவினர் அதே மண்டபத்தில் 2007இலேயே, ராப் கலைஞருள் முதலாவதாக, இடம்பெற்றிருந்தனர். முதலாளி பதினைந்து ஆண்டுகள் பின்னாலே வந்தார்.

சகோதரிகளுக்கு

எமது சங்கத்தின் உறுப்புரிமைக்குப் பரீட்சைப் பெறுபேறு கேட்பதில்லை. சாதாரண தரம் எழுதாமல் விலகியவர்களும், இடப்பெயர்வினால் இரண்டே தவணை படித்துவிட்டுப் போனவர்களும் எமது சகோதரிகளே. பதினான்கு வயதில் பாடசாலையை விட்ட சில்வியாவின் வாழ்வு, அவர்களை நாம் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லித் தருகிறது. படிப்பு நின்ற இடத்தில் கற்றல் நின்றுவிடுவதில்லை.

இன்னுமொன்று. நூறு ஆண்டுகளில் எமது மண்டபத்தில் எத்தனையோ பரிசளிப்பு விழாக்களும் கலைவிழாக்களும் நடந்தன. அவற்றின் நிகழ்ச்சிநிரல்களில் பிரதம விருந்தினரின் பெயர் உண்டு, தலைமை தாங்கியவரின் பெயர் உண்டு. நாட்டிய நாடகத்துக்குப் பாட்டெழுதிய ஆசிரியை யார், சேர்ந்திசைக்கு மெட்டமைத்தவர் யார், திரைக்குப் பின்னாலிருந்து ஆர்மோனியம் வாசித்தவர் யார் என்பதெல்லாம் பெரும்பாலும் இல்லை. பாடியவர்களுக்கு நினைவிருக்கும், அவர்களும் முதுமை எய்திவிட்டார்கள். நினைவுள்ள சகோதரிகள் எங்கிருந்தாலும், தாம் பாடிய பாட்டையும் அதை ஆக்கியவரின் பெயரையும் ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். பாட்டு முழுவதும் நினைவில்லாவிட்டாலும் குறையில்லை. பெயர் போதும்.